ரோசலின் கேட்ட சிநேகிதி

"14 பெப்ரவரி 2024, புதன், கிள்ளான். வெடிச் சத்தம். தொடர். வலப்புறம். விழுந்தோம்."

அந்த நாளுக்கு என் குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதல் வெடி கிட்ட. பிறகு இடைவெளி இல்லை. நான் கத்துகிறேன். "படு! ரோசலின், படு!" கால்கள் தாமாகவே பள்ளம் தேடுகின்றன. கடை வரிசைக்கு முன்னால் மழைநீர் வடிகால். காய்ந்து கிடக்கிறது. குதிக்கிறேன். முழங்கால் சீமெந்தில் மோதுகிறது. தலையைக் கைகளுக்குள் புதைக்கிறேன். வாயைத் திறந்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் காதுச் சவ்வு கிழியும். திறந்து வைக்கிறேன். கந்தக மணம். கண்ணை மூடினால் மணல். வன்னிக் கடற்கரையின் மணல்.

கண்ணைத் திறந்தால் கிள்ளான், மலேசியா. என் மேல் சிவப்புக் காகிதத் துண்டுகள் விழுகின்றன.

சீனப் புத்தாண்டின் ஐந்தாம் நாள். விடுமுறை முடிந்து ஓர் இரும்புக் கடை திறக்கிறது. வாசலில் சரவெடி. சிங்க ஆட்டத்தின் தாளம். யாரும் எங்களைச் சுடவில்லை. அது எனக்குத் தெரியும். உடம்புக்குத் தெரியாது.

தலையைத் தூக்கினேன். நடைபாதையில் ரோசலின் குப்புறக் கிடந்தாள். என் தம்பி யூட்டின் மனைவி. போர் எனக்கு விட்டுவைத்த ஒரே ஆள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு பெண் கிடந்தாள். பூப்போட்ட கைலி. கனத்த உடம்பு. நெற்றியில் விபூதி. ஒரு கை ரோசலினின் முதுகில். அந்தப் பெண்ணுக்கு வெடியைப் பற்றிப் பயம் எதுவும் இல்லை. ரோசலின் படுத்திருந்ததால் அவளும் படுத்திருந்தாள்.

"ஒன்னும் இல்லக்கா. பட்டாசுதான். தவுக்கே, அந்தச் சீன மொதலாளி, கடை தொறக்குறாரு. முடியட்டும், அப்புறமா எழுந்திருப்போம். நான் இங்கயே இருக்கேன்."

வெடி ஓய்ந்தது. காது இரைந்தது. அந்தப் பெண் ரோசலினை உட்காரவைத்து, புடவைத் தலைப்பு இல்லாததால் தன் டீ-சர்ட்டின் ஓரத்தால் அவள் முகத்தைத் துடைத்தாள். நெற்றியை மட்டும் துடைக்கவில்லை. அங்கே சாம்பல் இருந்தது.

நானும் விழுந்துதான் கிடந்தேன். என் பக்கத்தில் யாரும் வந்து படுக்கவில்லை.

இது போரின் சாட்சியம். ஆனால் அந்த வடிகாலில் தொடங்காமல் எனக்கு இதை எழுதத் தெரியவில்லை.

2009. வன்னியின் கிழக்குக் கரை. நான் ஒரு பாடசாலையின் நூலகர். பாடசாலை ஏற்கெனவே இல்லை. நாங்கள் நான்கு பேர். அம்மா, யூட், ரோசலின், நான். மணலில் பங்கர். பனங்குற்றிகள் கிடைக்கவில்லை. சேலைகளில் மணல் நிரப்பி அடுக்கினோம். அம்மாவின் கூறைச் சேலையும் அதில் போனது.

சத்தங்களைப் பிரித்து அறியப் பழகினோம். தூரத்தில் ஒரு 'டக்'. அது புறப்படும் சத்தம். பிறகு விசில். விசில் நீண்டால் தலைக்கு மேல் தாண்டிப் போகும். விசில் அறுந்தால் நமக்கு. பங்கருக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. யூட் வாசலில் இருந்து கத்துவான். "வருகுது! குனியுங்கோ!" அம்மா செபமாலை சொல்வார். நான் ரோசலினின் மணிக்கட்டைப் பிடித்திருப்பேன். அவள் வெளியே ஓடக்கூடியவள். ஒருமுறை ஓடியும் இருக்கிறாள்.

பெப்ரவரி 10, செவ்வாய். அம்மா தண்ணீருக்குப் போனார். விசில் அறுந்தது.

அதன்பின் நான் ஒரே ஒரு செபம்தான் செய்தேன். ஒருவரையாவது எனக்கு விட்டுவிடும், ஆண்டவரே. யாரை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யூட் என்று சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் நடுப்பகுதி. என்னிடம் நாட்காட்டி இல்லை. தலையில் அடி. எப்போது, எங்கே, எது பட்டது என்று தெரியாது. கண்விழித்தபோது ஒரு தறப்பாள் கூடாரத்தின் கீழே கிடந்தேன். ரோசலின் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். "யூட் இல்ல" என்றாள். அவ்வளவுதான். பிறகு முகாம். பிறகு கடல். பிறகு மலேசியா. அகதி அட்டை. கிள்ளானில் ஒரு மாடிக் குடியிருப்பு. அவள் சலவைக் கடையில் வேலை. நான் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தையல் கடைக்காரரிடம் இருந்து துணி வாங்கி வந்து வீட்டில் பிரித்துத் தைக்கிறேன்.

யூட் இறந்த நாளை ஒவ்வொரு வருடமும் கேட்டேன். கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு அது வேண்டும். இறந்தவருக்கு அவர் இறந்த நாளில் திருப்பலி கொடுப்போம். கோவிலில் பெயரும் தேதியும் கேட்பார்கள். அம்மாவுக்குக் கொடுத்தேன். யூட்டுக்குத் தேதி இல்லை. அதனால் எல்லா ஆன்மாக்களின் நாளில், பெயர் தெரியாதவர்களோடு சேர்த்துக் கொடுத்தோம்.

"ஞாபகமில்ல, மச்சாள்" என்பாள் ரோசலின். மற்ற எல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

2 பெப்ரவரி 2024, வெள்ளி. எங்கள் பகுதிக் கத்தோலிக்கர்கள் ஒரு வீட்டில் கூடும் அன்பியச் செபம். வட்டமாக உட்காருவோம். ஒவ்வொருவரும் தன் தேவையைச் சொல்ல வேண்டும். அவருக்கு வலப்புறம் இருப்பவர் வாய்விட்டு அதற்காகச் செபிக்க வேண்டும். இது இங்கே உள்ள முறை. ரோசலினுக்கு வலப்புறம் நான்.

எல்லோரும் வழக்கம்போலச் சொன்னார்கள். முழங்கால் வலி. மகனுக்கு வேலை. நான் வேறொரு நாட்டில் குடியேற நாங்கள் போட்ட அகதி விண்ணப்பத்தைச் சொன்னேன். ரோசலின் தரையைப் பார்த்தபடி சொன்னாள்:

"எனக்கு ஒரு சிநேகிதி வேணும்."

சிலர் என்னைப் பார்த்தார்கள். அவளோடு பதினைந்து வருடம் ஒரே பாயில் படுத்து எழும்புகிறவள் நான். குண்டுச் சத்தத்தில் அவள் கையை விடாதவள். அவளுக்குச் சிநேகிதி இல்லையாம். அதற்காக நான் செபிக்க வேண்டுமாம்.

செபித்தேன். வேறு வழியில்லை. ஆனால் நிபந்தனைகள் வைத்தேன். எங்கட ஆக்களில் ஒருத்தியாக இருக்கட்டும், ஆண்டவரே. எங்கட கோவிலுக்கு வாறவளாக இருக்கட்டும். போரை அறிஞ்சவளாக இருக்கட்டும். வட்டத்தில் இருந்தவர்கள் ஆமென் சொன்னார்கள். அந்த விவரத்துக்குப் பொருந்தியவள் அந்த அறையில் ஒருத்திதான் இருந்தாள். நான்தான் அது.

பதினான்காம் தேதி சாம்பல் புதன். காலைத் திருப்பலி. நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டோம். கோவில் வாசலிலேயே நான் கைக்குட்டையால் துடைத்துவிட்டேன். அகதி அட்டை வைத்திருப்பவர் தெருவில் எந்த அடையாளமும் இல்லாமல் நடப்பது நல்லது. இது என் கொள்கை. ரோசலின் துடைக்கவில்லை. பிறகு இரும்புக் கடை. பிறகு வெடி.

லெட்சுமி என்பது அவள் பெயர். அந்தக் கடை வரிசையின் முனையில் புட்டு மாயம் விற்கிறவள். நாங்கள் இடியப்பம் என்போம். இவர்கள் தேங்காய்ப்பூவும் நாட்டுச் சர்க்கரையும் போட்டுத் தின்கிறார்கள். கணவர் லோரி ஓட்டுகிறார். கிள்ளானிலேயே பிறந்தவள். மாரியம்மன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு பால்குடம் எடுப்பவள். போரைத் தொலைக்காட்சியில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை என்று அவளே சொன்னாள். என் நிபந்தனைகளில் ஒன்றைக்கூட ஆண்டவர் எடுத்துக்கொள்ளவில்லை.

நான் பாடசாலையில் வேலை செய்ததை அறிந்து, அவள் என்னை டீச்சர் என்றே கூப்பிட்டாள். ஒரு நாள் அவளிடம் கேட்டேன்.

"அண்டைக்கு ஏன் பக்கத்தில படுத்தனீங்கள்?"

"ஐயோ டீச்சர், அவங்க நெத்தியில துண்ணூறு பாத்தேன். நம்ம கோயில் ஆளு, மயக்கம் போலன்னு ஓடுனேன். கிட்ட போனா கை அப்படி ஆடுது. நின்னுக்கிட்டு பேசுனா அவங்க காதுல விழுமா? அதான் படுத்துட்டேன்."

"நானும் வடிகாலுக்குள்ள கிடந்தனே."

"நீங்களா எறங்கிட்டீங்களே டீச்சர்! சாவி கீவி விழுந்துருச்சு, தேடுறீங்கன்னு நெனச்சேன் லா!"

ரோசலின் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. அந்தச் சிரிப்பை நான் கடைசியாகக் கேட்டது போருக்கு முன்னால்.

நான் சிரிக்கவில்லை. கைக்குட்டையை நினைத்தேன். சாம்பலைத் துடைக்காமல் இருந்திருந்தால், அந்தக் கனத்த கை யார் முதுகில் விழுந்திருக்கும்?

அதன்பின் எல்லாம் விரைவாக நடந்தது. வேலை முடிந்ததும் ரோசலின் நேராக லெட்சுமியின் தள்ளுவண்டிக்குப் போனாள். மாவு பிசைந்தாள். இடியப்ப உரலில் பிழிந்தாள். இரவுச் சாப்பாட்டுக்கு நான் காத்திருந்தேன். அவள் சாப்பிட்டுவிட்டு வந்தாள். லெட்சுமி அவளை "ரோசு" என்று கூப்பிட்டாள். யூட் மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவான். அதை லெட்சுமிக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டு பேரும் வண்டியருகே தலையை ஒட்டிப் பேசுவார்கள். நான் போனதும் பேச்சு அறுந்துவிடும். விசில் அறுந்தால் என்ன பொருள் என்று எனக்குப் பழக்கம் உண்டு.

"என்ன கதை?" என்று வீட்டில் கேட்டேன்.

"சும்மா."

"சும்மாவுக்கு ஏன் அழுதிருக்கிறாய்?"

"வெங்காயம் வெட்டினன்."

இடியப்பத்தில் வெங்காயம் இல்லை.

செபத்தில் குறை சொன்னேன். நான் கேட்டதைத் தந்தீர், ஆனால் நான் கேட்டபடி தரவில்லை. திருப்பி எடுத்துக்கொள்ளும் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. அவர் எடுத்துக்கொள்ளக்கூடியவர் என்பது எனக்குத் தெரியும்.

4 ஏப்ரல் 2024, வியாழன். துணி வாங்க பிரிக்பீல்ட்ஸ் போனேன். தையல் கடை பூட்டியிருந்தது. புறநகர் ரயிலில் கிள்ளானுக்குத் திரும்பினேன். மதியம். தள்ளுவண்டி அதன் இடத்தில் இல்லை. சலவைக் கடையில் ரோசலின் விடுப்பு என்றார்கள். என்னிடம் சொல்லாத விடுப்பு.

லெட்சுமியின் வீடு பக்கத்துக் குடியிருப்பில் தரைத் தளம். கதவு திறந்திருந்தது. இரும்புக் கம்பிக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. உள்ளே சாம்பிராணிப் புகை. தரையில் ஒரு வாழையிலை. அதில் சோறு, மீன் குழம்பு, பொரித்த மீன், புட்டு மாயம், அதன் மேல் சர்க்கரை. இலைக்கு முன்னால் படம் இல்லை. ஒரு குத்துவிளக்கு மட்டும். பக்கத்தில் ரோசலின் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். செபமாலை கையில்.

இந்த ஊரில் இத்தனை வருடம் இருக்கிறேன். அது என்ன இலை என்று எனக்குத் தெரியும். இறந்தவருக்கு அவர் இறந்த நாளில் பிடித்ததைச் சமைத்துப் படைப்பது.

உயிர்ப்பு ஞாயிறு முடிந்து வந்த வியாழன் அது. நாட்காட்டி இல்லாத அந்த நாட்களை ரோசலின் திருநாள்களை வைத்துத்தான் எண்ணுவாள். என் தலை தானாகக் கணக்குப் போட்டது. 2009இல் உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 12. வியாழன், ஏப்ரல் 16.

பதினைந்து வருடமாக என்னிடம் இல்லாத தேதி. என் தம்பியின் தேதி. அது ஒரு புட்டு மாயக்காரியின் வீட்டுத் தரையில் இலை போட்டு வைக்கப்பட்டிருந்தது.

கம்பிக் கதவைக் குலுக்கினேன்.

"யூட்டுக்கு இனிப்புப் பிடிக்காது!"

வாயில் முதலில் வந்தது அதுதான். பிறகுதான் மற்றது வந்தது.

"என்னட்ட ஞாபகமில்ல எண்டாய். இவவுக்குச் சொல்ல மட்டும் எப்படி ஞாபகம் வந்தது? நான் ஆர் உனக்கு? நான் அவன்ர அக்கா. பெயர் தெரியாத ஆக்களோட சேர்த்து அவனுக்குப் பூசை குடுத்தனே, பக்கத்தில முழங்காலில நிண்டியே, அப்பவாவது வாய் திறந்தியா?"

லெட்சுமி கரண்டியோடு எழுந்து வந்து கதவைத் திறந்தாள்.

"டீச்சர், உள்ள வாங்க. சத்தம் போடாதீங்க, எலை போட்டிருக்கு."

"நீங்கள் சொல்லுங்கோ. உங்களுக்கு எல்லாம் தெரியுமே."

"நான் சொல்ல மாட்டேன் டீச்சர். கொன்னாலும் சொல்ல மாட்டேன். அது அவங்களோடது." பிறகு ரோசலின் பக்கம் திரும்பினாள். "ரோசு, சொல்லிரு லா. டீச்சரும் தாங்குவாங்க. ஒன்ன தாங்குனவங்கதானே."

ரோசலின் செபமாலையை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள். சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"உங்களுக்குத் தலையில பட்டு ரத்தம். காயக்காரரை ஏத்தின உழவு மெசின் கடைசியா வெளிக்கிடுது. பெட்டியில இடமில்ல. அதில இருந்த ஒரு மனிசி இறங்கினா. கையில கட்டு. நீலச் சட்டை. 'என்னால நடக்கேலும், இவவ ஏத்துங்கோ' எண்டா. யூட் உங்களத் தூக்கித் தந்தார். நான் மேல இருந்து இழுத்தன். மெசின் வெளிக்கிட்டுது. அவரும் அந்த மனிசியும் ரோட்டில நிண்டவை. 'நீ போ ரோசு, இவவக் கூட்டிக்கொண்டு நடந்து வாறன்' எண்டார். வளைவு தாண்டேல்ல. விசில் கேட்டது. அறுந்தது."

அடுத்த நாள் அவள் நடந்து திரும்பிப் போயிருக்கிறாள். யூட் கிடந்தான். தெருவோர மணலில் கையால் கிண்டிப் புதைத்திருக்கிறாள். ஆழம் போதவில்லை என்றாள். பக்கத்தில் ஒரு பூவரச மரம் என்றாள். அந்தப் பெண்ணைக் காணவில்லை என்றாள்.

"இதை ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"நீங்கள் கணக்கு வைக்கிற ஆள், மச்சாள். உங்கட உயிருக்கு யூட்டின்ர உயிர் எண்டு போடுவியள். சாகும்வரைக்கும் போட்டுக்கொண்டு இருப்பியள். உங்களுக்குச் சொல்லேலாது. ஆருக்காவது சொல்லாட்டி எனக்கு மூச்சு முட்டுது. அதுக்குத்தான் ஒரு சிநேகிதி கேட்டனான்."

லெட்சுமி விசிறியின் வேகத்தைக் கூட்டினாள்.

நான் உட்கார்ந்தேன். அழவில்லை. அவள் சொன்னது சரி. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதே தொடங்கிவிட்டேன். இப்போதும் போடுகிறேன்.

ஆனால் அந்தக் கணக்குக்குள் இன்னொன்றும் இருந்தது. அதை எழுதாமல் விட்டால் இது பொய்ச் சாட்சியம். பொறாமை போகவில்லை. ரோசலின் பதினைந்து வருடம் தனியாகச் சுமந்ததில் பாதியை, ஒருத்தி வந்து சில வாரங்களில் வாங்கிக்கொண்டாள். நான் வாங்கியிருக்க முடியாத பாதி. நானே அந்தப் பாரம். பாரத்திடம் யாரும் பாரத்தைக் கொடுப்பதில்லை. என் நிபந்தனைகளுக்குப் பொருந்திய ஒருத்தியை ஆண்டவர் அனுப்பியிருந்தால், ரோசலின் அவளிடமும் வாய் திறந்திருக்க மாட்டாள். எங்கட ஆக்களில் ஒருத்தி. எங்கட கோவில். செய்தி அன்றே என்னிடம் வந்திருக்கும்.

"டீச்சர், கை கழுவுங்க. ஆறிப்போவுது" என்றாள் லெட்சுமி. "இனிப்பு வேணாம்னா ஓரமா தள்ளிருங்க. தம்பி கோவிச்சுக்க மாட்டாரு."

இனிப்பை ஓரமாகத் தள்ளினேன். பிறகு தின்றேன்.

24 ஏப்ரல் 2025. மீண்டும் உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த வியாழன். காலையில் கோவிலில் யூட்டுக்குத் திருப்பலி. முதல் முறையாக அவன் பெயர் தனியாக வாசிக்கப்பட்டது. கடைசி வரிசையில் லெட்சுமி இருந்தாள். மற்றவர்கள் எழும்பியபோது எழும்பினாள், முழங்காலிட்டபோது முழங்காலிட்டாள். மதியம் அவள் வீட்டில் இலை. இதைப் பற்றிப் பாதரிடம் நான் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

லெட்சுமி சந்தையில் இருந்து மூன்று இலை கொண்டுவந்திருந்தாள். ஒன்று யூட்டுக்கு. ஒன்று அம்மாவுக்கு, தனியாக விட்டால் பாவம் என்று.

"இது?" என்று மூன்றாவதைக் காட்டிக் கேட்டேன்.

"அந்த நீலச் சட்ட அக்காவுக்கு. பேரு தெரியாட்டி என்ன? எறங்கி எடம் குடுத்தாங்கல்ல. யாரு அவங்களுக்குப் போடப்போறா?"

ரோசலின் என்னைப் பார்த்தாள். நான் அந்த இலையை வாங்கினேன். விரிக்கவில்லை.

எனக்கு முன்பின் தெரியாதவள். என் பெயர் தெரியாதவள். நான் கேட்காமலே எனக்காகத் தரையில் இறங்கியவள். ரோசலினுக்குக் கிடைத்ததைப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேலாக எரிந்துகொண்டிருந்தேன். எனக்கும் ஒருத்தி கிடைத்திருந்தாள். ஒரு உழவு இயந்திரம் புறப்படும் நேரத்துக்கு. நான் கண்ணைத் திறக்கவில்லை.

"உயிரோட இருக்கிற ஆளுக்கு இலை போடக்கூடாதுதானே?" என்று கேட்டேன்.

"கூடவே கூடாது டீச்சர்."

"அப்ப வேண்டாம்."

அவள் வாதாடவில்லை. மூன்றாவது இலை மடித்தபடியே சுவரோரம் இருந்தது.

இழப்பு, நான் அறிந்த அளவில்:

அம்மா. 10 பெப்ரவரி 2009, செவ்வாய். கிணற்றடி.

யூட், என் தம்பி. 16 ஏப்ரல் 2009, வியாழன். தெரு வளைவு. அடையாளம் பூவரசு. சாட்சி, அவன் மனைவி ரோசலின்.

வீடு. பாடசாலை. நூலகத்தின் புத்தகங்கள் அனைத்தும். அம்மாவின் கூறைச் சேலை. என் இடது காதின் கேட்கும் திறனில் ஒரு பகுதி.

கையில் கட்டுப் போட்டிருந்த, நீலச் சட்டை அணிந்த பெண். பெயர் தெரியாது. ஊர் தெரியாது. ரோசலின் அவர் விழுந்ததைப் பார்க்கவில்லை. மறுநாள் அங்கே உடலும் இல்லை. அவர் இறந்தார் என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை. எனவே மேலே உள்ள எண்ணிக்கையில் அவரைச் சேர்க்கவில்லை.